பூட்ஸ் தேவைப்படாத தீயணைப்புப் படை

ஆடி 3, திங்கள்

மழை இல்லை. ஆபீஸ் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. வேர்வை மட்டும் தாராளம்.

சேர்மன் துரையிடமிருந்து சுற்றறிக்கை: சிக்கனம். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து வாரம் ஒன்று வருகிறது. காகிதத்தின் இரு பக்கமும் எழுத வேண்டும். பென்சிலைக் கட்டைவிரல் அளவு தேயும்வரை பிடிக்க வேண்டும். ஆபீஸ் குமாஸ்தாவான நானும் (இங்கே கிராணி என்பார்கள்) ஒத்துழைக்கிறேன்: இந்தக் குறிப்பில் சேர்மன் துரை இனி சே.து.

கிள்ளானிலிருந்து ஆறு மைல், மேரு ரோட்டு ஆறாம் கட்டை ஊர்ப் போர்டின் தீயணைப்புப் படைச் சரக்கு, சே.து. கேட்டபடி:

கைப் பம்பு, வண்டியோடு ஒன்று. இழுக்க மாடு இல்லை, சிக்கனத்தில் விற்றாயிற்று.
கான்வாஸ் குழாய் இரண்டு. ஒன்றில் ஓட்டை. மற்றதில் அங்கங்கே குழாய்.
பித்தளைத் தொப்பி நான்கு. தலை ஆறு.
மணி ஒன்று. மிக நல்ல நிலை.
பூட்ஸ் இல்லை.

பம்பை அடிக்கப் பத்துப் பேர் வேண்டும் என்று அதன் தகட்டிலேயே செதுக்கியிருக்கிறது. நான்கு பேரைச் சிக்கனம் கப்பலேற்றி நாகப்பட்டினம் அனுப்பிவிட்டது. மீதி ஆறு பேர் காலையில் தெருக் கூட்டுகிறார்கள், மற்ற நேரம் தீயணைப்புப் படை. அந்தத் தகட்டைக் கழற்றிவிடலாம் என்பது சே.து.வின் அபிப்பிராயம்.

பூட்ஸ் விஷயம் என் வாயால் வந்தது. போன வருஷம் படிப்பணத்தை நிறுத்தியதும் படையில் சேர ஆளில்லை. "மாரியம்மன் கோயிலில் தீ மிதிப்பவர்களைச் சேர்க்கலாம். தீக்கு அஞ்சமாட்டார்கள். பூட்ஸ் செலவும் மிச்சம்" என்று பைலின் ஓரத்தில் எழுதி வைத்தேன். வேடிக்கைக்கு. சிவப்புப் பென்சிலில் பதில் வந்தது: "உத்தமமான யோசனை. உடனே செய்க." செய்தோம்.

இனி பைலில் வேடிக்கை எழுதுவதாக இல்லை. அங்கே அதை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை.

சாயங்காலம் பல்வலி. கிராம்பு.

ஆடி 5, புதன்

வெயில். மேற்கே காடு எரிக்கும் புகை.

படையின் மண்டோர், அதாவது மேஸ்திரி, வீராசாமி வந்தான். கறுத்து நெடிய ஆள். ஆபீசுக்குள் வரும்போது தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான், யாரோ பிடுங்கப் போவதுபோல.

"கிராணி ஐயா, கொழாய் இல்லாம பம்ப வெச்சிக்கிட்டு என்னா பண்றது? கெணத்துல எட்டிப் பாத்து அழுவுறதா?"

"துரைக்கு எழுதியிருக்கேன்."

"போன ஆடியிலயும் எழுதுனீங்க."

"அதுக்கு ஞாபகமூட்டல் எழுதியிருக்கேன்."

சிரித்தான். பிறகு சொன்னான்: வெள்ளிக்கிழமை கோயிலில் காப்புக் கட்டு. அடுத்த வார ஞாயிறு பூக்குழி. படையில் ஆறு பேருமே காப்புக் கட்டுகிறார்கள். ஆறு பேரையும் ஒரே கோயிலிலிருந்து பொறுக்கினால் வேறு எப்படி இருக்கும்? யோசனை சொன்னவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

"காப்புக் கட்டிட்டா ஊர் எல்லை தாண்டக் கூடாதுங்க. பூ மிதிச்சு முடியிற வரைக்கும். அத மட்டும் போர்டுல சொல்லி வெச்சிருங்க."

அவனுக்கு இது மூன்றாவது வருஷம். மகள் செல்லம்மா காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது, மூன்று வருஷம் மிதிப்பதாக அவன் மனைவி பவுனம்மா வேண்டிக்கொண்டாளாம். வேண்டிக்கொண்டது அவள், மிதிப்பது இவன். பிள்ளை இப்போது தெருவில் கோழி துரத்துகிறாள். இந்த வருஷத்தோடு கணக்குத் தீர்கிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அம்மனுக்குக் கொடுத்த வாக்கு பொய் என்பது பவுனம்மாவின் கட்சி.

கோயிலுக்கு வழக்கமான அனுமதிச் சீட்டு தயாரித்தேன். நிபந்தனை: பூக்குழி அணையும்வரை போர்டின் தீயணைப்புப் படை பம்போடு காவல் நிற்க வேண்டும். காவல் நிற்பவர்களும் அவர்களே, மிதிப்பவர்களும் அவர்களே. பம்பு மட்டும் மிதிக்காமல் நிற்கும்.

ஆடி 7, வெள்ளி

போர்டு கூட்டம். டீ, பிஸ்கட். பிஸ்கட்டில் சிக்கனம் இல்லை.

1. குழாய் வாங்குவது: ஒத்திவைப்பு. ரப்பர் வாங்க ஆளில்லாமல் கொட்டிக் கிடக்கும் நாட்டில் ரப்பர் பூசிய குழாய்க்கு வழியில்லை.

2. பெரிய துரை பார்வையிட வருவதால் பம்புக்குச் சிவப்புப் பெயின்ட்: அனுமதி.

3. எல்லைக்கு அப்பாலுள்ள தோட்டம் படைக்குச் சந்தா கட்ட மறுப்பு. தோட்டத்து மானேஜர் துரை எழுதிய கடிதத்தைப் படித்தேன்: தன் தோட்டம் இதுவரை எரிந்ததில்லை, எரியும் உத்தேசமும் இல்லை. எனவே தீர்மானம்: சந்தா கட்டாத இடத்துக்குப் பம்பு எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது.

தாண்டாது. தாண்ட ஆளே இல்லை என்பதை நான் எழுந்து சொன்னேன்: ஆட்களுக்குக் காப்பு, கல்லைத் தாண்டமாட்டார்கள். சே.து. மிகவும் மகிழ்ந்தார். "பார்த்தீர்களா, ஒத்துழைக்கிறார்கள்."

அந்தக் கல்லைப் பற்றி ஒரு வரி. தோட்டத்துக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் பாரிட் வாய்க்கால் கரையில் நிற்கிறது. முன்பு அங்கே கோயில்காரர்கள் எல்லைச் சூலம் நட்டிருந்தார்கள். போர்டு நிலம் அளந்தபோது வேறு அடையாளம் தேடச் சோம்பல்பட்டு, அதே இடத்தில் கல்லை வைத்துவிட்டது. ஒரு பக்கம் போர்டின் நம்பர், மறு பக்கம் குங்குமம். அம்மனும் போர்டும் ஒத்துப்போன ஒரே விஷயம்.

சாயங்காலம் கோயிலில் காப்புக் கட்டைப் பார்த்தேன். ஆறு மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு. செல்லம்மா தனக்கும் கட்டச் சொல்லி அழுதாள். பூசாரி வெறுங்கயிறு ஒன்றைக் கட்டிவிட்டார். அழுகை நின்றது.

ஆடி 10, திங்கள்

பெயின்ட் அடித்தாயிற்று. மலிவுச் சரக்கு. காய மறுக்கிறது. சே.து. தள்ளி நின்று பார்த்து, "புதியது போலவே இருக்கிறது" என்றார். நின்ற தூரம் சரியான தூரம்.

வீராசாமி குழாயை சைக்கிள் டியூப் துண்டும் ரப்பர் பாலும் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தான். ஒட்டிய இடம் நின்று, ஒட்டாத இடம் பீறிட்டது. படையில் இளையவன் கோவிந்தன்: "அண்ணே, இத வெச்சு ஒரே சமயத்துல ஏழு வீட்டு நெருப்ப அணைக்கலாம்."

பிரிக்பீல்ட்ஸிலிருந்து தங்கை கடிதம். மைத்துனருக்கு ரயில்வேயில் பாதிச் சம்பளம். நான் படிக்க வாங்கிவந்த புத்தகங்களை உடனே திருப்ப வேண்டுமாம், விற்கப்போகிறாள். ஒன்றை இன்னும் முடிக்கவில்லை. முடிவைத் தெரிந்துகொள்ளாமலே திருப்ப வேண்டியதுதான்.

ஆடி 12, புதன்

கை எரிகிறது. சுருக்கமாக.

மத்தியானம், சாப்பாட்டு வேளை. எல்லைக்கு அப்பால் தோட்டத்தில் ரப்பர் ஷீட் புகைக்கும் கொட்டகையில் பிடித்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, காற்று வேறு. தொழிலாளர் லயத்தின் முதல் வீடுகளுக்குத் தாவியது. லயத்தின் கடைசியில் ஆயாக் கொட்டகை. வேலைக்குப் போன பெண்களின் பிள்ளைகளை விட்டுவைக்கும் இடம். அந்த ஆயாவே பாரிட்டின் பலகைப் பாலத்தில் ஓடிவந்தாள். நடக்கிற பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டாள். தூளியில் கிடப்பவை உள்ளே.

மணி அடித்தது. நல்ல மணி. பம்பை இழுத்துக்கொண்டு ஆறு பேரும் கல் வரைக்கும் வந்தார்கள். கல்லருகே நின்றார்கள். இந்தப் பக்கம் நின்று அடித்தார்கள். தண்ணீர் பாரிட்டிலிருந்து கிளம்பிப் பாரிட்டிலேயே விழுந்தது.

ஆபீசுக்கு ஓடிக் கிள்ளான் கிளப்புக்குப் போன் போட்டேன். எடுத்தவன், "துவான் மாக்கான்" என்றான். துரை சாப்பிடுகிறாராம். தீ என்றேன். "மாக்கான்" என்றான் மறுபடி, துரையின் பசி தீக்குத் தெரியாதா என்பதுபோல. கடைசியில் சே.து. வந்தார். இரண்டு கேள்வி. கல்லுக்கு எந்தப் பக்கம்? தோட்டம் சந்தா கட்டிவிட்டதா? பிறகு, மானேஜர் துரையோடு பேசிவிட்டுச் சொல்வதாக.

திரும்பி ஓடினேன். கோயிலிலிருந்து பூசாரியும் வந்து நின்றார்.

"போர்டு என்னா சொல்லுதுங்க?" வீராசாமி.

"சாப்பிட்டு முடிச்சிட்டுச் சொல்லுமாம்."

பூசாரி குரலை உயர்த்தவில்லை. "வீராசாமி. கையில காப்பு இருக்கு."

"இருக்கு சாமி. அங்க தூளியும் இருக்கு."

கல்லைப் பார்த்தான். குங்குமப் பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வண்டியின் நுகத்தைத் தூக்கினான். சக்கரம் பலகையில் ஏறியது. கோவிந்தன் பூசாரியைப் பார்த்தான். பூசாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் எல்லோரும் போனார்கள்.

இரண்டு பேர் குழாய் பிடித்தால் பத்துப் பேர் அடிக்க வேண்டிய பம்புக்கு நால்வர். கைப்பிடி இறங்கவே இல்லை. பின்னால் ஓடிவந்த சீனச் சாப்பாட்டுக் கடை முதலாளி, எங்கள் தவுக்கே, சட்டையைக் கழற்றி எறிந்தார். "கிராணி, நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்" என்று கடைத்தெரு மலாயில் அதட்டினார். போனேன். கைப்பிடியில் பெயின்ட் இன்னும் காயவில்லை.

குழாய் எட்டவில்லை. வீராசாமி அதன் நுனியைத் தோளில் போட்டு, விழுந்து எரிந்த கூரைமேலேயே நடந்துபோனான். வெறுங்காலில். பூட்ஸ் செலவு மிச்சம்.

லயத்தில் ஒரு வரிசை போயிற்று. ஷீட் கொட்டகை போயிற்று. தூளிகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. ஒரு பிள்ளை கடைசிவரை விழிக்கவே இல்லை; தூக்கம்தான், ஆயா அதன் மூக்கில் கைவைத்து வைத்துப் பார்த்தாள்.

ஆடி 13, வியாழன்

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் உள்ளங்கைச் சிவப்புப் போகவில்லை. வேட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதுதான் நல்ல வேட்டி.

வீராசாமியைப் பார்க்கப் போனேன். இரண்டு பாதமும் கொப்புளம். பவுனம்மா விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். என்னோடு பேசாமல் பாதத்தோடு பேசினாள்.

"ரெண்டு வருஷம் குழியில எறங்குன காலு. ஒரு கொப்புளம் கண்டதில்ல. காப்போட எல்ல தாண்டுனாரு, ஆத்தா சுட்டுட்டா. நான் கும்புட்ட பலன் எல்லாம் போச்சு."

"குழியில சாம்பல் மூடின கங்கு. இது எரியிற கூரை. அதனாலதான்" என்றேன்.

"நீங்க படிச்சவங்க. உங்களுக்கு அப்படி."

வீராசாமி: "புள்ள முன்னால பேசாத புள்ள." செல்லம்மா மூலையில் இருந்தாள், தன் கயிற்றை முகர்ந்துகொண்டு. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், எதற்கென்று தெரியாமல். சூடில்லை.

ஆடி 14, வெள்ளி

விசாரணை. பிஸ்கட்.

தோட்டத்து மானேஜர் துரையிடமிருந்து கடிதம். நன்றி என்று நினைத்துப் பிரித்தேன். மிஞ்சியிருந்த ரப்பர் ஷீட்டுகளைத் தண்ணீர் அடித்துப் பாழாக்கியதற்கு நஷ்டஈடு கேட்கிறார்.

வீராசாமி கட்டுப்போட்ட காலோடு நின்றான். நாற்காலி கொடுக்க எழுந்தேன், சே.து. பார்த்தார், நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தேன், அதற்காகவே எழுந்தவன்போல.

"கல்லைத் தாண்டக் கூடாதென்று தெரியுமா?"

"தெரியும் துரைங்களா. ரெண்டு பக்கமும் தெரியும்."

மொழிபெயர்த்தேன். இரண்டாவது வாக்கியம் சே.து.வுக்குப் புரியவில்லை. விளக்க அவகாசம் தரவில்லை.

தீர்மானங்கள். அனுமதியின்றி எல்லை கடந்தது குற்றம். பம்பின் புதிய பெயின்டைக் கெடுத்தது தனிக் குற்றம். மண்டோர் நீக்கம், ஊருக்குக் கப்பல் சீட்டோடு. மற்ற ஐவர் இனித் தெருக் கூட்ட மட்டும். படை கலைக்கப்படுகிறது: இவ்வளவு நாளில் ஒரு தீ வந்தது, அதுவும் அணைந்துவிட்டது, எனவே தேவை தீர்ந்தது. இதைச் சொன்ன உறுப்பினர் பெயரை எழுதாமல் விடுகிறேன். எல்லோருமே தலையாட்டினார்கள்.

அறிக்கையில் சம்பவ இடத்திலிருந்தவர்கள்: கூலிகள் ஆறு, சீனக் கடைக்காரர் ஒருவர், அடையாளம் தெரியாத பார்வையாளர் ஒருவர். என் கையாலேயே நகல் எடுத்தேன். சிவந்த கையால். யாரும் கவனிக்கவில்லை. கிராணியின் கையை யார் பார்க்கிறார்கள்?

ஆடி 15, சனி

காலை, கோயில். எல்லை தாண்டினவர்கள் மிதிக்கலாமா என்று அம்மனிடம் பூக் கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம். எடுக்கச் செல்லம்மாவை விட்டார்கள். பவுனம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. பூசாரி பிரித்தார். வெள்ளை.

பவுனம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வீராசாமி காலில் போட்ட கட்டை அவிழ்க்க ஆரம்பித்தான். "கங்கு மூணு எட்டு. நொண்டிக்கிட்டே போயிருவேன்."

மத்தியானம் சே.து. கோயில் அனுமதியின் நகலைக் கேட்டு வாங்கினார். நிபந்தனையைப் படித்தார். தீயணைப்புப் படை காவல் நிற்க வேண்டும். படை நேற்றோடு இல்லை. எனவே அனுமதி ரத்து. தர்க்கத்தில் ஒரு ஓட்டை இல்லை. குழாயும் இப்படி இருந்திருக்கலாம்.

ஒரு நாளைக்குப் படையைத் திரும்பக் கூட்டலாம் என்றேன். "எந்தத் தலைப்பில் செலவு?" என்றார். செலவில்லை என்றேன். "செலவில்லாததற்குத் தலைப்பே இல்லையே."

கோயில் வாசலில் நோட்டீசை நானே ஒட்டினேன். பியூன் லீவு. பூசாரி எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஆத்தா குடுத்துட்டா. துரை குடுக்கலயா?"

பவுனம்மா: "நாள பின்ன எம்புள்ளைக்கு ஒண்ணு ஆனா, போர்டு வந்து பாக்குமா, கிராணி ஐயா?"

பசை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடி 16, ஞாயிறு

வெயில். குழியில் விறகு அடுக்கியபடி. பற்றவைக்கவில்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் அதற்குக் காவல். படைக்கு ஆள் இல்லை, எரியாத விறகுக்கு ஆள் உண்டு.

காப்பை அவிழ்த்துப் பாலில் போட்டார்கள். வீராசாமியின் கயிற்றில் சிவப்புப் பெயின்ட்.

பிரிக்பீல்ட்ஸ் போகவில்லை. புத்தகத்தை முடித்துவிட்டேன். முடிவு நன்றாக இல்லை.

ஆடி 19, புதன்

கிள்ளான் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். பிளாட்பாரம் முழுக்க ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுபவர்கள். தகரப் பெட்டி, பாய், கூண்டில் ஒரு மைனா.

வீராசாமி இங்கே வந்தபோது இருந்த வயதைவிட இங்கே இருந்த வருஷம் அதிகம். "ஊர்ல யாரு இருக்கா?" என்றேன். "இனிமேத்தான் விசாரிக்கணும்."

பவுனம்மா பிள்ளையை மடியிலிருந்து இறக்கவில்லை. திடீரென்று என்னிடம்: "அவரு சொல்றத கேளுங்க. நான் சொன்னா ஒப்புக்கமாட்டீங்க."

வீராசாமி தொப்பி இல்லாததால் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். "வேற ஆளு மிதிச்சாலும் வேண்டுதல் செல்லும்னு பூசாரி சொல்றாருங்க. இதே கோயில்லதான் மிதிக்கணும். கோவிந்தன கேட்டேன், அவனுக்கு அவன் வேண்டுதலே பாக்கி. நீங்க காப்பு இல்லாமலே எங்களோட கல்லு தாண்டி வந்தீங்க. அடுத்த ஆடியில அந்த ஒரு வருஷத்த..." முடிக்கவில்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். செல்லம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் பிளந்து, கன்னத்தில் மை கரைந்து.

"சரி" என்றேன்.

"கால ஊன்றிப் போகணுங்க. ஓடக் கூடாது. ஓடுனாத்தான் சுடும்."

வண்டி கிளம்பியதும் பவுனம்மா கும்பிட்டாள். என்னையா, எனக்குப் பின்னாலிருந்த எதையாவதா, தெரியவில்லை.

ஆடி 22, சனி

மழை. மழை பெய்துவிட்டபடியால் தீ அபாயம் நீங்கியது என்று சே.து. பைலில் குறித்தார்.

பெரிய துரை வந்து போனார். பம்பு மிக அழகாக இருப்பதாகச் சொன்னார். ஆட்கள் எங்கே என்று கேட்கவில்லை.

சாயங்காலம் பூசாரியிடம், அடுத்த ஆடியில் எனக்கும் காப்புக் கட்ட வேண்டும் என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"கட்டலாம். மிதிக்கக் குழி வேணும். குழிக்கு உங்க போர்டு சீட்டு வேணும். சீட்டுக்குப் படை வேணும். அது எங்கீங்க இருக்கு?"

அறைக்கு வந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்தேன். நாற்காலிப் பாதம்.

போர்டுக்கு மனு எழுத உட்கார்ந்தேன். பொருள்: தீயணைப்புப் படையைத் தொண்டர்களைக் கொண்டு மீண்டும் அமைப்பது. செலவு: இல்லை. தலைப்பு: சே.து. கண்டுபிடிக்கட்டும். வேடிக்கை ஒரு வரிகூட எழுதவில்லை. காகிதத்தின் இரு பக்கமும்.

தவுக்கேயைக் கேட்டேன். கடையை யார் பார்ப்பார் என்கிறார். ஐவரையும் கேட்டேன். தெருக் கூட்டும் வேலையாவது மிஞ்சட்டும் என்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

சேர விரும்பும் தொண்டர்கள்:

1. என் பெயர்.

2.